கட்டிலருகே ஒரு நாற்காலி

1959ஆம் ஆண்டு லண்டன் லார்ட்ஸ் திடலில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில், ஸ்டாத்தம் வீசிய பந்து பட்டு விலா எலும்பு முறிந்த பின்னும் களத்தை விட்டு நீங்காமல் நின்று 81 ஓட்டங்கள் எடுத்தார் நாரி கன்ட்ராக்டர். கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இந்த நிகழ்ச்சியைச் சொல்லிச் சொல்லி மகிழ்வர். வீரம் என்றால் இதுவன்றோ வீரம் என்பர். மறுப்பார் யார்?

அதே கன்ட்ராக்டருக்கு 1962ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நேர்ந்தது வேறு. அப்போது அவர் இந்திய அணியின் தலைவர். அவ்வாண்டு சனவரியில்தான் சென்னையில் இங்கிலாந்தை வீழ்த்தி, அந்நாட்டோடு ஆடிய தொடர் ஒன்றில் இந்தியா முதன்முதலாக வென்றிருந்தது. அந்தப் பெருமையோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றவர், பார்படாஸ் அணியோடு ஆடிய ஆட்டத்தில் சார்லி கிரிஃபித்தின் பந்தை எதிர்கொண்டார். பந்து தலையின் வலப்பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே தாக்கியது. ஆட்டக்காரர்கள் தலைக்கவசம் அணியும் வழக்கம் தோன்றாத காலம் அது. மண்டையோடு முறிந்தது. அவசர அறுவைகள் நடந்தன. நாள்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். இரத்தம் வேண்டும் என்றபோது மேற்கிந்திய அணித் தலைவர் ஃபிராங்க் வொரலே கை நீட்டினார். நம் வீரர் சிலரும் கொடுத்தனர். தலையில் பதித்த உலோகத் தகட்டை எடுத்தது 2022ஆம் ஆண்டில், அதாவது 60 ஆண்டுகளுக்குப் பிறகு. அடிபட்டபோது அவருக்கு வயது 28. அதற்குப் பின் டெஸ்ட் ஆட்டம் ஒன்றுகூட அவர் ஆடவில்லை. ஆயினும் முதல்தர ஆட்டங்களுக்குத் திரும்பி 1970-71 வரை மட்டை பிடித்தார்.

விலா எலும்பின் கதை ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. மண்டையோட்டின் கதை ஓர் ஆயுட்காலம் நீண்டது. முதலாவதை நாம் எல்லா விளையாட்டு விழாவிலும் கேட்கிறோம். இரண்டாவதில் அடிபட்ட அந்தக் கணத்தை மட்டும் சொல்லிவிட்டு, பந்தைவிட வேகமாக அடுத்த செய்திக்குத் தாவிவிடுகிறோம். அடிபட்டவன் அடுத்த பத்து மாதம் எப்படி எழுந்தான், எதைப் பிடித்துக்கொண்டு நடந்தான், யார் அருகில் இருந்தார் என்பன நம் மேடைகளில் பேச்சாவதில்லை. பேச்சாகாதது நம் மன்றத்தின் வேலைத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. இதுவே என் குறை.

இக்குறையைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு; நான் விரும்பித் தேடிக்கொண்ட தகுதி அன்று அது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் விடுதிகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டியில் நான் கோல்காவலனாக நின்றேன். எதிரணி ஆட்டக்காரர் ஒருவரும் நானும் ஒரே பந்துக்குப் பாய்ந்தோம். இருவரும் கோல் கம்பத்தில் போய் மோதினோம். அவருக்கு உதட்டில் ஒரு தையல். எனக்கு வலத்தொடை எலும்பு நடுவில் முறிந்தது. முழங்காலினுள்ளே இருக்கும் தசைநார் ஒன்று அறுந்தது. தொடை எலும்பினுள் நீண்ட உலோகக் கம்பி செலுத்தி நிறுத்தினார்கள். எலும்பு கூடிய பிறகு 2025 மார்ச்சில் முழங்காலுக்குத் தனி அறுவை நடந்தது. அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பின்தான், அதாவது இப்போதுதான், மெல்ல ஓடிப்பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. விபத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அது முழுவதும் நடந்தது மூன்று நொடியில்.

நான் சொல்ல வந்தது பதினைந்து மாதங்களைப் பற்றி.

அதற்குமுன் ஓர் அரை மணி நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் விழுந்ததும் நண்பர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் இடுப்பை, இருவர் காலை. தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவின் பின்னிருக்கையில் வளைத்துக் கிடத்தினார்கள். அன்பு மிகுதியால் செய்தது. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தொடை எலும்பு முறிந்தவனை, முறிந்த இடத்தை அசையாமல் கட்டுவதற்குமுன் தூக்கலாகாது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவனை இப்படி மடித்துத் தூக்கினால், விழுந்தபோது தப்பிய நரம்புத்தண்டு தூக்கும்போது நசுங்கவும் கூடும். நம் திடலை ஒட்டிய அறையில் கோப்பைகள் வைக்கக் கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று இருக்கிறது. தூக்குப்படுக்கை ஒன்றுகூட இல்லை. பலகையும் கட்டுத்துணியும் இல்லை. விழுந்தவனை எப்படித் தொடுவது என்று கற்ற ஒருவரும் ஆட்ட நேரத்தில் அங்கே இருப்பதில்லை. கோப்பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலமாரியில் இன்னும் ஒரு தட்டு காலியாகத்தான் இருக்கிறது என்கிறேன்.

இனி மருத்துவமனை. அங்கே எனக்கு முதலில் முறிந்தது மொழி. "எப்படி வலிக்கிறது?" என்று மருத்துவர் இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் வலிக்கு ஒரே சொல்தான் இருந்தது: தர்த். "தர்த் ஹை" என்றேன். "எப்படிப்பட்ட தர்த்?" என்றார். "பகுத் தர்த்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தொடையில் விண் விண் என்று தெறிக்கிறது, முழங்காலில் குடைகிறது, கணுக்காலில் கடுக்கிறது, தையல் போட்ட இடம் சுரீர் என்கிறது, பாதத்தின் மேற்புறம் மட்டும் மரத்துப்போயிருக்கிறது. இவை ஐந்தும் ஐந்து வேறு செய்திகள். கடைசியாகச் சொன்ன மரத்துப்போதல் நரம்பைப் பற்றிய செய்தி; அதைத்தான் மருத்துவர் அறிய வேண்டியிருந்தது. இந்தியில் இத்தகைய சொற்கள் இல்லை என்று எவரும் பெருமை பேசிக்கொள்ள வேண்டாம். நிறையவே இருக்கின்றன. பீகாரிலிருந்து வந்த என் அறைத்தோழன் பிற்பாடு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். குத்தித் தெறிக்கும் வலிக்கு 'டீஸ்' என்றொரு சொல் உண்டாம். அதைக் கற்ற நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லுந்தரத்ததன்று! ஆனால் அறுவைக்கு முந்தைய இரவு, அந்தச் சொல் என்னிடம் இல்லை. நாம் கடைத்தெருவுக்குப் போதுமான இந்தியோடு இவ்வூருக்கு வருகிறோம். மருத்துவமனைக்குப் போதுமான இந்தியோடு வருபவர் எத்தனை பேர்?

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். அளவறிந்து உண்ணுதலைப் பற்றித்தான் அதில் பெரும்பகுதியும். கடைசிக் குறளுக்கு வரும்போது வள்ளுவர் கணக்கொன்று தருகிறார்: நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என மருத்துவம் நான்கு பகுதி உடையது என்கிறார். இந்நான்கும் ஒவ்வொன்றும் மேலும் நான்காகப் பிரியும் என்று விரித்துரைக்கும் பரிமேலழகர், நோயாளியிடம் இருக்க வேண்டியவற்றுள் ஒன்றாகத் தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலை வைக்கிறார். பொருள் உடைமையையும் அவர் மறக்கவில்லை! பணி செய்பவனிடம் இருக்க வேண்டியவற்றுள் அன்பை முதலில் வைத்து, அறிவையும் உடன் வைக்கிறார். அன்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஆட்டோவின் பின்னிருக்கையில் நான் அறிந்தேன்.

நோயாளியாக நான் இருந்தேன். மருத்துவர் இருந்தார், நல்லவர், கைராசிக்காரர். மருந்தும் கிடைத்தது. நான்காம் பகுதியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதல் வாரம் என் கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. ஏழு நாளில் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள் என்று அம்மா சொன்னார். மேசைமேல் ஆரஞ்சுப் பழங்கள் குவிந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர், நான் ஏதோ அரசியல் தலைவரின் மகன் என்று எண்ணிக்கொண்டு மரியாதையாகப் பேசலானார். செவிலியர் வந்து கூட்டத்தை விரட்டுவதும், கூட்டம் மறுவாயிலால் நுழைவதுமாக இருந்தது. அந்த ஏழு நாளும், உள்ளதைச் சொன்னால், எனக்கு எவரும் தேவைப்படவில்லை. மருந்தின் மயக்கத்தில் பாதி நேரம் உறங்கினேன். வந்தவர் யார், போனவர் யார் என்பதே நினைவில் இல்லை.

நான்காம் மாதம் ஓர் ஆரஞ்சுகூட இல்லை. அம்மா ஆறு வாரம் என்னுடன் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். அப்போதுதான் முழங்காலை மடக்கும் பயிற்சி கடுமையாக நடந்துகொண்டிருந்தது. அசையாமல் கிடந்த முழங்கால் இறுகிவிடும். தொடைத்தசை கண்முன்னே வற்றிவிடும். என் வலத்தொடை இடத்தொடைக்குத் தம்பிபோல் ஆகிவிட்டது. பிசியோதெரபி அம்மையார் ஒரு பாகைமானியை முழங்காலில் வைத்து அளப்பார். முதலில் 30 பாகை. இரண்டு வாரத்தில் 40. பிறகு பத்து நாள் ஓர் இம்மியும் நகரவில்லை. இவ்வாறு மாதக்கணக்கில் எண்களோடு வாழ்ந்தேன். நாற்காலியில் இயல்பாக உட்காரவும் மாடிப்படி ஏறவும் ஏறக்குறைய 90 பாகை மடங்க வேண்டும். 110 வந்தபோது அந்த அம்மையாரே கைதட்டினார். "இனி நீ எல்லாம் செய்யலாம், பேட்டா" என்றார்.

எல்லாமா? சம்மணமிட்டு இலை முன் உட்கார அது போதாது. நம் விடுதியில் எங்கள் பகுதியில் உள்ள கழிப்பிடங்கள் அனைத்தும் குந்தி உட்காரும் வகை; அதற்கு 130 பாகைக்கும் மேல் மடங்க வேண்டும். மேல்நாட்டு நூல்களில் முழங்கால் 'குணமாகிவிட்டது' என்று எழுதும் இடத்தில், நம் முழங்கால் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. இதை வெட்கப்பட்டு எவரும் வெளியே சொல்வதில்லை. கால் முறிந்த ஒரு மாணவன் விடுதிக்குத் திரும்ப முடியாமைக்கு உண்மையான காரணம் பல சமயம் இதுதான். ஒரு மாடிக்கு ஓர் உயரக் கழிப்பிடம் வைத்துவிட்டால் தீரக்கூடிய துன்பம் இது!

இந்த மாதங்களில்தான் ஒருவர் அருகில் வேண்டும். பழம் வேண்டாம், ஆறுதல் மொழியும் வேண்டாம். பயிற்சி செய்யும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். வகுப்புக் குறிப்புகளை வாரம் ஒருமுறை கொண்டுவந்து படித்துக்காட்ட ஓர் ஆள் வேண்டும். ஊன்றுகோலோடு படி இறங்கும்போது ஒரு படி கீழே நின்று வர ஓர் ஆள் வேண்டும். (ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நொந்த கால் முன்னே. இதைத் தலைகீழாகச் செய்து உருண்டவர்கள் உண்டு, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) எனக்கு அந்த ஆளாக வாய்த்தவன் என் பீகார்த் தோழன். தமிழ் மாணவர் மன்றத்தின் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அவன் தமிழன் அல்லன். ஆனால் பதிவேட்டில் பெயர் உள்ள நாம் அந்நேரம் பொங்கல் விழா நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நாடகத்துக்கு எதிரி அல்லேன். அந்த நாடகத்தை ஒளிப்படமாக எடுத்து அனுப்பியிருந்தார்கள்; மூன்று முறை பார்த்தேன். இரண்டாம் காட்சியில் மீசை கழன்று விழுந்ததை இவ்விதழில் ஏன் எவரும் எழுதவில்லை என்று தெரியவில்லை.

"மன உறுதி வேண்டும் தம்பி. மன உறுதி இருந்தால் எதுவும் முடியும்" என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். ஆனால் இந்த உபதேசத்தில் ஒரு கொடுமை ஒளிந்திருப்பதை நான் எடுத்துக்காட்ட விரும்புகிறேன். தொடை எலும்பு கூட நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். மன உறுதி உள்ளவனுக்கு மூன்று வாரத்தில் கூடாது. அது இல்லாதவனுக்குக் கூடாமலும் போகாது. எலும்புக்கு மனம் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரத்த ஓட்டமும் உணவும் காலமும். 'உறுதி இருந்தால் எழுவாய்' என்று சொல்லும்போதே, எழாதவனைப் பார்த்து 'உனக்கு உறுதி இல்லை' என்றும் சொல்லிவிடுகிறோம். கழுத்தெலும்பு நொறுங்கி நரம்புத்தண்டு அறுந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

அத்தகைய ஒருவரை எங்கள் தென்காசிப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. ஆய்க்குடி இராமகிருஷ்ணன் நம்மைப் போல் ஒரு மாணவர்; பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் சென்றவர், 1975ஆம் ஆண்டு சனவரியில் உடல்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மன உறுதியில் அவருக்கு எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆயினும் கைகால்கள் மீளவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்து வழிகாட்டியவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் என்னும் இராணுவ மருத்துவர். ஊர் திரும்பிய இராமகிருஷ்ணன் 1981ஆம் ஆண்டு, உலக நாடுகள் ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடிய அதே ஆண்டில், ஆய்க்குடியில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கென ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் அமர் சேவா சங்கம். அமர் என்பது அந்த மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையையும் நம்மவர்கள் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகவே சொல்வார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். தன் வாழ்நாள் பணிக்குப் பெயர் சூட்ட வேண்டி வந்தபோது, அவர் தன் பெயரை எண்ணவில்லை. கட்டிலருகே நின்றவரின் பெயரை எண்ணினார். தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வடநாட்டு மருத்துவர் ஒருவரின் பெயர் இன்றும் வழங்குவது இதனால்தான். எழுந்து நடப்பது மட்டுமே மீட்சி என்று நாம் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் எவ்வளவு குட்டையானது என்பதற்கும் ஆய்க்குடியே சான்று. வேலூருக்குப் போனாலும் இதே பாடம்தான். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க இயலாது போன மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிற்பாடு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடிகோலினார்.

எங்கள் அத்தை இன்றுவரை தொலைபேசியில் கேட்பார்: "ஏ ஐயா, அங்கன கெடந்து ஏன் சீரழியுதே? நம்ம ஆசாங்கிட்ட வந்திருந்தா மூணு கட்டுல எந்திரிச்சு நடந்திருப்பியே?" அத்தையோடு வாதிட என்னால் ஆகாது. எலும்பினுள் கம்பி இருப்பதைப் பற்றி அவருக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் ஒன்று: ஆசானிடம் போயிருந்தால் அத்தை வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பேன், போவோர் வருவோர் எல்லாரும் தினந்தோறும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். தில்லியில் திண்ணை இல்லை. 1,500 மைலுக்கு இப்பால் திண்ணைக்குப் பதிலாக இருக்கக்கூடியது இந்த மன்றம் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன்.

விதிகளைப் பற்றியும் சிறிது. வருகைப்பதிவு குறைந்ததால் ஒரு பருவத்தை இழந்தேன். கால் முறிந்து கிடந்தவனையும் திரைப்படம் பார்க்கப் போனவனையும் பதிவேடு ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பருவத்தை இழந்தவன் விடுதி அறையையும் இழக்கிறான் என்றொரு விதி இருக்கிறதே, அதை வகுத்தவர் ஒரு நாளாவது ஊன்றுகோல் பிடித்திருப்பாரா? நடக்க முடியாதவனை, வகுப்புக்கு நடந்து வரவில்லை என்பதற்காக, வீடு தேடி நடக்கச் சொல்கிறது அவ்விதி! நான் வெளியே தரைத்தளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். என் தந்தையால் அந்த வாடகையைத் தர முடிந்தது. தர முடியாதவன் ஊருக்குத் திரும்புவான். பயிற்சி பாதியில் நிற்கும். முழங்கால் 60 பாகையிலேயே ஆயுளுக்கும் நின்றுவிடும். பொருள் உடைமையைப் பரிமேலழகர் வீணாகவா சேர்த்தார்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயர்கல்வியில் இட ஒதுக்கீடு தந்திருக்கிறது. ஆனால் அதன் சலுகைகளிற் பல, 40 விழுக்காட்டுக்குக் குறையாத, நீடித்த குறைபாட்டுக்கு உரியவை. எட்டு மாதம் நொண்டிப் பிறகு நேராகிவிடப் போகிறவன் அச்சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளி அல்லன். நூலகத்தின் 22 படிகளின் கண்ணிலோ நல்ல உடம்புக்காரனும் அல்லன். இரண்டுக்கும் நடுவே கிடக்கிறான். தேர்வில் எழுத்தாளர் உதவியை 40 விழுக்காடு என்னும் கோட்டுக்குள் அடைத்து வைக்கலாகாது என்று 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவரும் ஒரு தேர்வர்தான். அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறை. தேவை உள்ளவனுக்கு உதவி என்ற அந்த நியாயத்தை, சில மாதங்களுக்கு மட்டும் தேவை உள்ளவனுக்கும் நீட்டுவதால் பல்கலைக்கழகத்துக்கு என்ன இழப்பு? தரைத்தளத்தில் ஒரு தேர்வு அறை, ஒரு பருவம் விடுபட்டாலும் நீடிக்கும் ஒரு விடுதிக் கட்டில், இவ்வளவுதானே கேட்கிறோம்?

"தமிழ் மன்றம் தமிழுக்கு, நோயாளிக்கு மருத்துவமனை" என்று செயற்குழு நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். பண்பானவர், சண்டைக்காகச் சொல்லவில்லை. எனக்கு அவர் பேச்சு ஒப்பவில்லை. வொரல் இரத்தம் கொடுத்த நிகழ்ச்சியை நினைவில் வைத்து வங்காளக் கிரிக்கெட் சங்கம் பல ஆண்டுகளாகப் பிப்ரவரி 3ஆம் நாள் இரத்ததான முகாம் நடத்தி வந்திருக்கிறது. அது கிரிக்கெட்டுக்கான சங்கம், மருத்துவமனை அன்று. ஆட்டத்தில் வந்த காயம் ஆட்டக்காரர்களின் பொறுப்பு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம் மன்றத்தின் பெயரால் ஆடப் போனவன், நம் கொடி தைத்த சட்டையோடு விழுந்தவன், சட்டையைக் கழற்றியதும் யாருக்கும் உரியவன் அல்லாமல் போய்விடுகிறானா?

வேறு சிலர், இத்தகைய முரட்டு ஆட்டங்களே வேண்டாம் என்கிறார்கள். இது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஆட்டத்தில் கிடைக்கும் இன்பத்தை நாற்பது பக்கம் எழுதினாலும் ஆடாதவருக்குப் புரியவைக்க முடியாது. மருத்துவர் அனுமதித்தால் அடுத்த ஆண்டு நானே மீண்டும் கோலில் நிற்பேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை; அவருக்கு இவ்விதழ் போய்ச் சேராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வருகிற செயற்குழுவுக்கு நான் இரண்டு தீர்மானங்கள் கொடுத்திருக்கிறேன். பதினொரு உறுப்பினர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதலாவது, விளையாட்டுக்கு ஒதுக்கும் தொகையில் முதற்செலவாக ஒரு தூக்குப்படுக்கையும் முதலுதவிப் பெட்டியும் வாங்குவது, ஆண்டுக்கு ஆறு பேரையாவது முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புவது. இரண்டாவது, செயலாளர் அறையில் ஒரு குறிப்பேடு வைப்பது. நம்மவர் எவர் படுக்கையில் விழுந்தாலும் அவர் பெயரை எழுதி, விழுந்த நாளிலிருந்து ஐந்தாம் வாரம் முதல் அவரிடம் செல்ல வேண்டியவர்களின் முறைவரிசையை வகுப்பது. முதல் நான்கு வாரத்துக்கு வரிசை தேவையில்லை. நாமே முண்டியடித்துக்கொண்டு போவோம். முறைக்குச் செல்பவருள் இந்தி நன்கு பேசுபவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். விடுதி அறை பற்றிய விண்ணப்பத்தைப் பிற மாநில மாணவர் மன்றங்களோடு சேர்ந்து கொடுப்பதே நன்று என்பதால் அதைத் தனியே எழுதிவருகிறேன். மலையாள நண்பர்களும் வங்க நண்பர்களும் கையெழுத்திட ஒப்பியிருக்கிறார்கள்.

குறிப்பேட்டில் எழுத முதல் பெயர் இப்போதே இருக்கிறது. தருமபுரியிலிருந்து வந்திருக்கும் முதலாண்டுத் தம்பி ஒருவர் கபடி ஆட்டத்தில் வலத்தோள் எலும்பு முறிந்து, ஏழு வாரமாகக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு விடுதியின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். குறிப்பெடுக்க முடியவில்லை. சட்டைப் பித்தானை ஒரு கையால் போடக் கற்றுக்கொண்டுவிட்டாராம். தலை வாரத்தான் இன்னும் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நான் போகிறேன். மற்ற ஐந்து நாள்கள் காலியாக இருக்கின்றன.